கீழ்மலையில் மெதுவாக ஒரு சுற்று

பழனிமலை என்றதும் பெரும்பாலானவர்களுக்கு முருகன் கோயிலும் கொடைக்கானல் ஏரியும்தான் நினைவுக்கு வரும். கொடைக்கானலுக்குக் கிழக்கே, திண்டுக்கல் சமவெளியைப் பார்த்துச் சரிந்து இறங்கும் பெரிய மலைப்பரப்பைப் பற்றி அதிகம் பேச்சே இல்லை. உள்ளூர்க்காரர்கள் அதைக் கீழ்மலை என்பார்கள். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் மேல்மலை. அங்கே உருளைக்கிழங்கு, பூண்டு, கேரட். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, கே.சி.பட்டி, பாச்சலூர், ஆடலூர், பன்றிமலை இவையெல்லாம் கீழ்மலை. இங்கே காபி, மிளகு, மலைவாழை, சவ்சவ். குளிரும் வேறு, மரமும் வேறு, மண்ணின் நிறமும் வேறு.

கீழ்மலையில் பைக் ஓட்டுவது எனக்கு மிகவும் பிடித்த காரியம். என்னிடம் இருப்பது சாதாரண 110 சிசி வண்டி, ஆபீஸ் போக வாங்கியது. இந்தச் சாலைகளுக்கு அதற்கு மேல் தேவையே இல்லை. இரண்டாவது கியர், மூன்றாவது கியர், இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் வேகம். அதைத் தாண்டினால் மலை கண்ணில் படாது, வளைவுகள் மட்டும்தான் படும். கீழ்மலையில் ‘வியூ பாயின்ட்’ என்று போர்டு வைத்த இடங்கள் குறைவு. பார்க்க வேண்டியதெல்லாம் சாலையை ஒட்டியே, கைக்கெட்டும் தூரத்தில், யாரோ ஒருவருடைய அன்றாட வேலையாக நடந்துகொண்டிருக்கிறது. வேகமாகப் போனால் அது பச்சை நிறமாகக் கடந்து போய்விடும். மெதுவாகப் போனால் மலையின் ஒழுங்கு புரிய ஆரம்பிக்கும். எந்த உயரத்தில் எது விளைகிறது, அது எந்த வழியாகக் கீழே இறங்குகிறது, எதற்காக இந்த ரோடு இப்படி வளைந்து வளைந்து போகிறது என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும்.

போன தை மாதம், பொங்கல் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு கிளம்பினேன். திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி, சித்தையன்கோட்டை வழியாக அய்யம்பாளையம். கொடைக்கானல் போகிறவர்கள் வத்தலக்குண்டு பக்கம் போய்விடுவார்கள் என்பதால் இந்தப் பக்கம் காலையில் டவுன் பஸ்ஸும் தேங்காய் லாரியும்தான். அய்யம்பாளையத்து நெட்டைத் தென்னை பெயர் பெற்றது. ரோட்டின் இருபுறமும் அடர்ந்த தோப்பு, வாய்க்காலில் ஓடும் தண்ணீர், மட்டை எரிகிற புகை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பட்டிவீரன்பட்டி. சென்னைப் பாண்டி பஜாருக்குப் பெயர் தந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் பிறந்த ஊர், சுயமரியாதை இயக்க வரலாற்றில் முக்கியமான இடம். மலையில் விளையும் காபி பல காலமாக வந்து சேருகிற ஊரும் அதுதான். அங்குள்ள கியூரிங் ஆலைகளில் மேல்தோல் நீக்கி, தரம் பிரித்து, மூட்டை கட்டி அனுப்புகிறார்கள். மலை ஏறும் முன்பே மலையின் வாசனை பட்டிவீரன்பட்டியில் கிடைத்துவிடும்.

மருதாநதி அணையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. முதலில் முள்ளும் புதரும் கலந்த வறண்ட காடு. இலை உதிர்ந்த இலவ மரங்களில் சிவப்புப் பூ பூக்கத் தொடங்கியிருந்தது. பாறை இன்னும் சூடேறாத நேரம். சுமார் ஆயிரம் அடி ஏறினால் இரண்டு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. காரில் போகிறவர்களுக்கு அது வெறும் கணக்குதான். பைக்கில் அது முதலில் மணிக்கட்டில் தெரியும், பிறகு முழங்காலில். ஒரு வளைவில் நிழலுக்குள் நுழையும்போது காற்று மாறும், அடுத்த வளைவில் வெயிலுக்கு வந்ததும் பழையபடி ஆகும். இன்னும் நாலைந்து வளைவுகள் போனால், வெயிலில் நின்றாலும் பழைய சூடு இருக்காது. வண்டியை நிறுத்தி ஜெர்க்கினை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

எலுமிச்சைத் தோட்டங்கள் வந்தன, அப்புறம் வாழை. இந்த மலைவாழைக்கு ஒரு பெரிய கதை உண்டு. ஒரு காலத்தில் பழனிமலைச் சரிவுகளிலும் பக்கத்துச் சிறுமலையிலும் வாழைதான் பிரதானம். முடிக்கொத்து நோய் வந்தது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் அது. இலைகள் உச்சியில் குறுகிக் கொத்தாக நின்றுவிடும், மரம் தார் போடாது. ஒரு தலைமுறை விவசாயிகள் வாழையைக் கைவிட்டுக் காபிக்கும் மிளகுக்கும் போனது அதனால்தான். பிறகு நோயில்லாத திசு வளர்ப்புக் கன்றுகள் வந்து, கொஞ்சம் கொஞ்சமாக வாழை திரும்பியது. விருப்பாட்சி, சிறுமலை மலைவாழைகளுக்கு 2008-09ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019ல். பஞ்சாமிர்தம் அத்தனை நாள் கெடாமல் இருப்பதற்கு, ஈரப்பதம் குறைந்த இந்த மலைப்பழம் ஒரு முக்கியக் காரணம். படியேறி முருகனைப் பார்த்துவிட்டு டப்பாவை வாங்கி வருகிற ஒவ்வொருவர் கையிலும் இந்தச் சரிவுகளில் ஒரு துண்டு இருக்கிறது. அதை இங்கே வந்து ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

பெரும்பாறையில் டீக்கடை. நான் வரக்காப்பி கேட்டேன். கருப்பட்டி போட்டு, அடியில் கொஞ்சம் மண்டி தங்குகிற மாதிரி. பால் காபியை விட இதில்தான் இந்த ஊர்க் கொட்டையின் ருசி தெரியும். கடை அக்கா, “தாண்டிக்குடி போறீகளா தம்பி? பெட்ரோல் இருக்கா?” என்று முதலில் அதைத்தான் கேட்டார். நல்ல கேள்வி. கீழேயே டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறுவதுதான் சரி. பெட்டிக்கடையில் பாட்டிலில் கிடைக்கும் என்று நம்பி வரக்கூடாது.

பெரும்பாறைக்கு மேலே சாலை முழுவதும் காபி நிழலுக்குள் போகிறது. சொல்லப்போனால் கீழ்மலையில் காபித் தோட்டத்தையும் காட்டையும் பிரித்துச் சொல்வது கடினம். இங்கே பயிராவது பெரும்பாலும் அரபிகா. அது நேரடி வெயிலைத் தாங்காது. அதனால் செடிக்கு மேலே பலா, அத்தி, கல்யாண முருங்கை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் என்று இரண்டு மூன்று அடுக்கு மரங்கள். சில்வர் ஓக்கின் உடம்பு முழுக்க மிளகுக்கொடி. கொடி ஏறி மிளகு பறிக்க, ஒற்றை மூங்கிலில் கணுக்களை மட்டும் விட்டுச் செதுக்கிய ஏணி வைத்திருப்பார்கள். ஏறுகிறவர் ஒரு காலைக் கணுவில் வைத்து, மறு காலை மரத்தில் முட்டுக்கொடுத்து, இடுப்பில் கட்டிய சாக்கில் மிளகுச் சரத்தை உருவிப் போடுவார். ஒரே நிலத்தில் காபி, மிளகு, ஆரஞ்சு, வாழை எல்லாம் இருப்பதால் ஒன்று விலை போகாத வருஷம் இன்னொன்று கைகொடுக்கும். இந்த நிழல் மரங்கள் நிற்கும் வரைதான் ஓடையில் தண்ணீர் ஓடும், மலை அணிலுக்கும் இருவாச்சிக்கும் இடம் இருக்கும். மரங்களை வெட்டி ரிசார்ட்டுக்கு மேடை போட்ட சரிவு ஒன்றும் கண்ணில் பட்டது. செம்மண் வாய் பிளந்து கிடந்தது. அடுத்த ஐப்பசி மழையில் அந்த மண் எந்த வளைவில் வந்து விழும் என்று யோசித்துக்கொண்டே கடந்தேன். மனசுக்குச் சங்கடமாக இருந்தது.

தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம். இரண்டுக்கும் இடையில் மங்களம்கொம்பு. அங்கே ஒரு வீட்டு முன்னால் சிமென்ட் களத்தில் காபி காய்ந்துகொண்டிருந்தது. நான் வண்டியை ஓரங்கட்டி நின்றேன்.

களத்தில் இரண்டு வகை. ஒரு பக்கம் பழத்தோடு அப்படியே காயப்போட்டது, கருத்துச் சுருங்கியிருந்தது. இன்னொரு பக்கம் பழத்தோலை மெஷினில் உரித்து, ஊறவைத்து, வழவழப்புப் போகக் கழுவிய கொட்டை, வெளிர் மஞ்சளாக. பார்ச்மென்ட் என்பார்கள். அதற்குத்தான் விலை அதிகம், வேலையும் அதிகம். ஒரு பெரியம்மா பலகையால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்.

“எத்தனை நாள் காயணும்மா?”

“வெயில் அடிச்சா பத்து நாளு. மோடம் போட்டா சொல்ல முடியாது. சாயந்தரம் குவிச்சு மூடணும், காலைல பனி போன பின்னாடி பரப்பணும். ஒரு நாள் விட்டாலும் வாசம் வந்துரும்.”

வாசம் என்று அவர் சொன்னது பூஞ்சை பிடித்த நாற்றத்தை. கையில் ஒரு கொட்டையைத் தந்து கடிக்கச் சொன்னார். பல்லில் அழுந்தியது. “இன்னும் ரெண்டு நாளு போகணும். காஞ்சுட்டா பல்லுல பதியாது” என்றார். ஈரப்பதம் பார்க்கும் கருவியெல்லாம் வாங்குகிற இடத்தில். இங்கே பல்.

அந்த வீட்டு ஐயா திண்ணையிலிருந்து விசாரித்தார். “யார் வீட்டுக்கு வந்தீக தம்பி?”

“யார் வீட்டுக்கும் இல்லைங்கய்யா. சும்மா ரோட்டைப் பார்த்துக்கிட்டே போறேன்.”

“இந்த ரோட்டுல பார்க்க என்ன இருக்கு? அந்தா, அந்த மண்பாதைல இறங்குங்க. ஓடை வரும். அங்கன பாருங்க.”

தனியாகப் போவதில் எனக்குப் பிடித்ததே இதுதான். நாலு வண்டியாகப் போனால் நாலு பேரும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு போவார்கள், ஊர்க்காரர்கள் ஒதுங்கி நிற்பார்கள். ஒற்றை ஆளைப் பார்த்தால் கேட்பார்கள். எங்கிருந்து, எதுக்கு, சாப்பிட்டாச்சா. அதிலிருந்து ஒரு பாதை திறக்கும். நின்ற இடத்தில் அரைமணி நேரம் கூடுதலாக நிற்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஐயா சொன்ன மண்பாதையில் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தேன். ஓடைக்கரையில் சீகாரப் பூங்குருவி சீட்டியடித்தது. யாரோ தோட்டக்காரர்தான் என்று முதலில் தோன்றும், அத்தனை மனிதத்தனமான சீட்டி. தண்ணீர் கால் மரத்துப்போகும் அளவுக்குச் சில்லென்று இருந்தது.

தாண்டிக்குடி 4000 அடிக்கு மேலே இருக்கிற ஊர். மலை உச்சியில் பாலமுருகன் கோயில். முருகன் பழனிக்குப் போகும் முன் இங்கே நின்றார் என்பது ஊர் நம்பிக்கை. சாயங்காலம் கோயிலுக்கு ஏறினால் கிழக்கே சமவெளி முழுவதும் கீழே கிடக்கும். ஆனால் இந்த ஊரின் பழமை அதற்கும் முந்தியது. சுற்றுவட்டாரத்தில் கல்திட்டைகள் நிறைய. பெரிய பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிய ஈமச்சின்னங்கள். செண்பகனூர் யேசு சபைக் குருவான ஆங்லாத் இந்த மலையெல்லாம் அலைந்து அவற்றைப் பதிவு செய்தார். அந்த ஆய்வை 1928ல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. 2000களில் தொல்லியலாளர் கா. ராஜன் இங்கே அகழாய்வு செய்தபோது சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லில் செய்த மணிகள் கிடைத்தன. அந்த மணிகள் இந்த மலையில் செய்தவையாக இருக்க வழியில்லை. அவை இங்கே வரவேண்டுமானால் யாரோ சுமந்து ஏறியிருக்க வேண்டும், மாற்றாக இங்கிருந்து மிளகோ வேறெதுவோ இறங்கியிருக்க வேண்டும். பாண்டிய நாட்டுக்கும் சேரக் கடற்கரைக்கும் இடையே இந்த மலை வழியாகப் போக்குவரத்து இருந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நான் வண்டியில் ஏறி வந்த வளைவுகளுக்குக் கீழே அந்தப் பழைய நடைபாதைகள் எங்கெல்லாம் புதைந்திருக்கும் என்று நினைக்கும்போது புல்லரிக்கிறது. கொடைக்கானலுக்கே 1910களில் வத்தலக்குண்டு மலைச்சாலை போடும் வரை பெரியகுளம் பக்கமிருந்து குதிரைப் பாதைதான், டோலிதான். மலையில் ரோடு என்பது நேற்று வந்தது.

கல்திட்டைகள் சில தோட்டங்களுக்குள் இருக்கின்றன. தோட்டக்காரரைக் கேட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். கல் மீது ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்க வேண்டாம், அவை கல்லறைகள்.

இரவு தாண்டிக்குடியில் ஒரு சின்ன அறையில் தங்கினேன். ராத்திரி பற்றிச் சொல்ல அதிகமில்லை, குளிர்தான். இருட்டிய பிறகு இந்த மலையில் வண்டி ஓட்டுவதில்லை என்பது என் வழக்கம். காட்டுமாடு ரோட்டில் நிற்கும். கருப்பு உடம்பு ஹெட்லைட்டில் கடைசி நொடி வரை தெரியாது. பகலில் பார்த்தால் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, ஹாரன் அடிக்காமல், அது போகும் வரை இருந்தால் போதும். பெரும்பாறை, பாச்சலூர் பக்கம் யானையும் உண்டு. சாணி சூடாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல நமக்குத் தெரியாது. எதிரே வரும் பஸ் டிரைவரைக் கேட்டால் சொல்வார்.

மறுநாள் கே.சி.பட்டி பக்கம் திரும்பினேன். கொடைக்கானல் போக வேண்டுமானால் பண்ணைக்காடு வழியாகப் போய் ஊத்து என்ற இடத்தில் பெரிய ரோட்டைப் பிடிக்கலாம். 2024 மே மாதத்திலிருந்து உயர்நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும். எனக்கு அந்த ரோடே வேண்டாம்.

கே.சி.பட்டிக்கு முன்னால் ஒரு வளைவில் குதிரைகள் வந்தன. முதுகில் இருபுறமும் மூட்டை, கழுத்தில் மணி, பின்னால் ஒருவர். கீழ்மலையில் வண்டி போகாத தோட்டங்கள் இன்னும் எத்தனையோ. அங்கிருந்து காபியும் வாழைத்தாரும் ரோடு வரைக்கும் குதிரையில்தான் வருகிறது. நான் ஓரமாக நின்று என்ஜினை அணைத்தேன்.

“ஆஃப் பண்ணினீக பாருங்க, அதுதான் தம்பி வேணும்” என்றார் குதிரைக்காரர். “முன்னாடி போறது பழகுனது. அந்தக் கடைசிக் குட்டி புதுசு. சைலன்சர் சத்தம் கேட்டா மிரண்டு மூட்டையோட சரிவுல எறங்கிரும்.”

“தினமும் எத்தனை நடை அண்ணே?”

“தோட்டத்தப் பொறுத்து. மழைக்காலம்னா ஒரு நடையே பெருசு. லாடம் வழுக்கும்.”

அவருக்கு அவசரம் இருந்தது, ஒன்பது மணி பஸ்ஸில் மூட்டை ஏற வேண்டும். பஸ்ஸின் கூரைதான் இங்கே பாதி ஊர்களுக்கு லாரி. அதனால்தான் கீழ்மலை வளைவுகளில் பஸ் எதிரே வந்தால் நான் முழுவதுமாக நின்று வழி விடுவேன். அந்த பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் இருப்பார், காலேஜ் பிள்ளைகள் இருப்பார்கள், மேலே ஒருவருடைய ஒரு வார உழைப்பு கட்டியிருக்கும். சும்மா சுற்ற வந்த நான் இரண்டு நிமிஷம் நிற்பதில் எந்த நஷ்டமும் இல்லை.

பெரியூர் தாண்டிப் பாச்சலூர் போகும் வழியெல்லாம் சவ்சவ் பந்தல். கம்பி கட்டி, கொடி மேலே பரவி, காய் கீழே தொங்குகிறது. தலை குனிந்து பந்தலுக்குள் போய்ப் பறிப்பார்கள். வாரம் ஒருமுறை காய் எடுக்கலாம் என்பதால் கையில் காசு புழங்க இது உதவும். காபி வருஷத்துக்கு ஒருமுறை.

இந்த வழியில் எங்கோ ஒரு மேட்டில், போர்டு எதுவும் இல்லாமல், தண்ணீர் பிரிகிறது. அந்தப் பக்கம் விழுகிற மழை மருதாநதியாகி வைகைக்குப் போகிறது. இந்தப் பக்கம் விழுவது பரப்பலாறு, நங்காஞ்சி, அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. ஆடலூர், பன்றிமலை பக்கத்துத் தண்ணீர் குடகனாறாக ஆத்தூர் காமராஜர் அணையில் தேங்கி, திண்டுக்கல்லுக்குக் குடிநீராகி, மிச்சம் அதுவும் அமராவதிக்கே போகிறது. அய்யம்பாளையமும் ஆத்தூரும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஆனால் ஒன்றின் ஆறு மதுரைக்கும் மற்றொன்றின் ஆறு கரூருக்கும் போகிறது. மேப்பில் இதைப் பார்த்திருக்கிறேன். வண்டியில் ஏற்றம் முடிந்து, கியர் தானாக இலகுவாகி, காற்று எதிர்ப்பக்கமிருந்து வரத் தொடங்குகிற அந்த இடத்தில் அதை உடம்பால் உணர்வது வேறு விஷயம்.

பாச்சலூரிலிருந்து வடகாடு வழியாக இறக்கம். இறக்கத்தில் நியூட்ரலில் போகவே கூடாது. இரண்டாவது கியரில் விட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது. டிரம் பிரேக் வண்டியென்றால் இது இன்னும் முக்கியம். நடுநடுவே நிறுத்தினேன். பரப்பலாறு அணை கீழே தெரியும் இடத்தில் நல்ல வெயில், ஜெர்க்கினைக் கழற்ற வேண்டியதாயிற்று. குளிர் ஏறியதைப் போலவே படிப்படியாக இறங்கிப் போனது.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் அதே சவ்சவ், சாக்கில். தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று இது, பெரும்பகுதி கேரளா போகிறது. சத்தம், லாரி, ஏலக்குரல். மலையில் ஒரு காய்க்குத் தலை குனிந்து பறித்தவரைப் பார்த்துவிட்டு வந்ததால் அந்த மூட்டைகளை எடை போடுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். விலை அன்றைக்குப் பரவாயில்லை என்றார் ஒரு விவசாயி. கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த முறை வரும்போது பன்றிமலை ரோடு. கன்னிவாடி, தருமத்துப்பட்டி வழியாக ஏறி ஆடலூர் போய், பெரும்பாறையில் வந்து சேர வேண்டும். பங்குனி சித்திரையில் பெய்யும் முதல் நல்ல மழைக்குப் பூ மழை என்று பெயர். அது பெய்த எட்டு பத்து நாளில் காபிச் செடியெல்லாம் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை வாசம் மலை முழுவதும் அடிக்கும், மூன்று நாலு நாளில் முடிந்துவிடும். எந்தத் தேதி என்று எந்தக் காலண்டரும் சொல்லாது. பெரும்பாறை டீக்கடை அக்காவிடம் நம்பர் கொடுத்திருக்கிறேன். மழை விழுந்ததும் போன் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து எட்டாவது நாள் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும்.